யானைக்கும் ஒரு தொட்டி

திருச்செங்கோடு,
20.10.2024

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். ஆப்பிரிக்காவில் நமீபியாவைச் சுற்றிவிட்டு ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நீ போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருந்துச்சு சாமி" என்று சொன்னதோடு சரி. உங்கம்மா யானைக் கதையை ஆரம்பிப்பதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. வழி முழுக்க நீ போட்டுக் கொடுத்தது. எந்த ஊரில் எத்தனை ராத்திரி, எங்கே டீசல் போடாமல் தாண்டக் கூடாது என்பது வரை எழுதி அனுப்பிவிட்டு, கடைசி வாரத்தில் உனக்கு லீவு இல்லை என்று ஆகிவிட்டது. நீ வராமல் எதற்கு என்று நான் பின்வாங்கினேன். "புள்ள ஆசையா போட்ட வழி, நாமளாவது போயிப் பாத்துட்டு வந்து சொல்லணுமில்லீங்க" என்று உங்கம்மாதான் கிளப்பினாள். பார்த்ததைச் சொல்லவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. மேக்காட்டு போர்வெல் விஷயமாகவும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அது கடைசியில்.

நமீபியாவின் அகலம் வரைபடத்தில் தெரிவதில்லை. எட்டேகால் லட்சம் சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல். ஜனம் மொத்தமே முப்பது லட்சம்தான். இங்கே சேலம் மாவட்டத்தில் மட்டும் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து தலைநகர் விண்ட்ஹுக் நாற்பத்தைந்து கிலோமீட்டர். உங்கம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள், இரண்டு கையிலும் இருக்கிற விரல் மிச்சமாகிவிட்டது. அங்கே ஒரு செய்தி தெரிந்தது, நான் அன்றைக்குத் தூங்கவில்லை. அந்த ஊரில் 1968-லிருந்தே சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி குடிநீர்க் குழாயிலேயே விடுகிறார்கள். உலகத்திலேயே முதலில் அப்படிச் செய்த ஊர் அதுதான். நான் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தேன். நல்ல தண்ணீர். 1968-ல் நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்திருப்பேன். நம்மூரில் அப்போது தாத்தா கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிக்கொண்டிருந்தார், எட்டு ஆள் ஆழத்தில் தண்ணீர் தளும்பி நின்றது.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து உன் அண்ணன், பெரியப்பா மகன், வந்து சேர்ந்தான். நாங்கள் போய்வந்த இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரும் அவன்தான் ஓட்டினான். நம்மூரைப் போலவே அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது ஒரு சௌகரியம். தார் ரோடு கொஞ்சம்தான். பெரும்பாலும் சரளைக் கல் ரோடு, எண்பதுக்கு மேல் போகக் கூடாது. கூட ஓட்டினால் வண்டி தானாகப் பக்கவாட்டில் நழுவ ஆரம்பிக்கிறது. அதனால்தான் டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், இரண்டு ஸ்டெப்னி கொடுக்கிறார்கள்.

சாலிட்டேர் தாண்டி வால்விஸ் பே போகிற வழியில் பின் சக்கரம் போனது. வண்டி வாடகைக்குக் கொடுத்தவர்கள் வைத்திருந்த ஜாக்கி பாதி தூக்கியதும் பல் தேய்ந்து நின்றுவிட்டது. நாலா பக்கமும் பார்த்தேன். ஒரு கம்பம் இல்லை, ஒரு வேலி இல்லை, ஒரு ஆட்டுக் குட்டி இல்லை. முப்பத்திரண்டு வருஷம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அலைந்தவன் நான். அங்கேயெல்லாம் வண்டி நின்ற பத்தாவது நிமிஷம் டீ விற்க ஒருவன் வந்துவிடுவான். இங்கே நாற்பது நிமிஷம் காற்றுச் சத்தம் மட்டும்தான். அப்புறம் தூரத்தில் புழுதி கிளம்பியது. புழுதி தெரிந்து வண்டி வந்து சேரவே வெகுநேரம் ஆனது, அவ்வளவு தட்டையான பூமி. ஆடு ஏற்றிவந்த ஒரு பழைய பிக்கப். ஓட்டிவந்த பெரியவர் கேள்வியே கேட்கவில்லை. இறங்கினார், ஒரு பலகையைச் சரளையில் போட்டார், தன் ஜாக்கியை அதன்மேல் வைத்தார், சக்கரத்தை மாற்றினார். அதற்கப்புறம்தான் வணக்கம் சொன்னார். கிளம்பும்போது எங்களிடம் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தார், போதாது என்று ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். காசு நீட்டியதற்கு அவர் முகம் சுருங்கிவிட்டது. "இந்த ரோட்டில் நிற்கிற வண்டியைத் தாண்டிப் போகக் கூடாது" என்றாராம், அண்ணன் சொன்னான்.

அதற்கு முந்தின இரண்டு நாளும் செஸ்ரியம் பக்கம் இருந்தோம். மணல் மேடுகளின் போட்டோக்களை நீயே நூறு பார்த்திருப்பாய், அதனால் அதிகம் சொல்லவில்லை. விடியலில் ஒரு பக்கம் செங்காமட்டை நிறம், மறு பக்கம் இருட்டு. முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம் இருக்கிற மேடுகூட உண்டு. மலைக்கோயில் படி ஏறிப் பழகின கால்தான், ஆனால் மணலில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்குகிறது. உங்கம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேடுகளுக்கு நடுவில் டெட்வ்லே என்று வெள்ளைக் களிமண் தரை. அதில் அறுநூறு வருஷத்துக்கு மேலாகச் செத்து நிற்கிற கருவேல இனத்து மரங்கள். ஒரு காலத்தில் ஆற்று வெள்ளம் அங்கே வந்து நின்றிருக்கிறது. மணல் வழியை அடைத்துவிட்டது, ஆறு வருவதை நிறுத்திவிட்டது. ஈரம் இல்லாததால் மக்கக்கூட முடியாமல் மரங்கள் அப்படியே நிற்கின்றன. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

ஆனால் செஸ்ரியம் என்ற பெயருக்கு அர்த்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். ஆறு தோல் வார். பக்கத்தில் ஒரு குறுகலான பள்ளத்தாக்கு இருக்கிறது, பாறை இடுக்கு மாதிரி, அடியில் தண்ணீர் தேங்கும். மாட்டு வண்டி கட்டி வந்த பழைய ஆட்கள் ஆறு தோல் வாரை ஒன்றோடொன்று முடிந்து வாளியைக் கட்டி இறக்கினால்தான் தண்ணீர் எட்டுமாம். எத்தனை வார் என்பதே ஊர்ப் பெயராகிவிட்டது. நம் கிணற்று மேட்டில் தாத்தாவின் வடக்கயிறும் வால்கயிறும் சாலின் தோல் தும்பியும் தொங்கிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்குமா? நீ ரொம்பச் சின்னவள். தண்ணீர் எத்தனை முழக் கயிற்றில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் அப்போது தெரிந்திருந்தது. மோட்டார் பட்டன் வந்தபிறகு அது யாருக்கும் தெரியாது.

கடற்கரை ஊரான ஸ்வாகொப்முண்டில் குளிர். கடலில் பெங்குவேலா என்று ஒரு குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதனால் மழை மேகம் கட்டுவதில்லை, மூடுபனிதான் கட்டுகிறது. வருஷத்துக்கு இருபது மில்லிமீட்டர்கூட மழை கிடையாது. நம்மூரில் ஒரு சாயங்கால மழையே அதற்கு மேல் பெய்துவிடும். அந்தப் பனியை வைத்துக்கொண்டு அங்கே உயிர்கள் பிழைக்கின்றன. விடிவதற்கு முன்பே ஒரு வழிகாட்டி எங்களை மணல் மேட்டுக்குக் கூட்டிப்போய், டார்ச்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். கட்டைவிரல் நகம் அளவு ஒரு கருவண்டு. மேட்டின் உச்சி விளிம்புக்கு ஏறி, காற்று வருகிற பக்கம் பார்த்து, பின்னங்காலை உயர்த்தித் தலைகீழாக நின்றது. பனி அதன் முதுகில் துளி துளியாகச் சேர்ந்தது. ஒரு துளி கனத்து, முதுகு வழியாக உருண்டு, நேராக அதன் வாய்க்கு வந்தது. குடித்தது. அடுத்த துளிக்கு அப்படியே நின்றது. உங்கம்மா மூச்சுவிடவில்லை, என் கையைப் பிடித்திருந்தாள். ஆயிரத்து முந்நூறு அடிக்குக் குழி போட்டுப் புகை மட்டும் வந்த காடுகளெல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. மனைவி நகையை அடகு வைத்துக் குழிக்குப் பணம் கட்டியவர்கள் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பும் நினைவுக்கு வந்தது.

இரண்டே இலையோடு ஆயிரம் வருஷம் வாழ்கிற வெல்விச்சியா செடியையும் பார்த்தோம். பார்க்கக் கிழிந்த பாய் மாதிரி கிடக்கிறது. நீ நோட்டில் மூன்று கோடு போட்டு வைத்திருந்தாய், அதனால் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். கோரிஹாஸ் பக்கம், டமாராலாந்து. கல் குன்றும் காய்ந்த ஆறுமாகக் கிடக்கிறது. அந்த ஆறுகளில் வருஷத்துக்குச் சில நாள்தான் வெள்ளம் போகும், மற்ற நாளெல்லாம் மணல். அந்த மணலில் யானைகள் நடமாடுகின்றன. பாலைவனத்தில் பிழைக்கப் பழகின யானைகள், பல நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். வழிகாட்டி ஆற்று மணலில் ஒரு குழியைக் காட்டினார். யானை காலாலும் துதிக்கையாலும் தோண்டின ஊற்று. நம் திருமணிமுத்தாற்றில் கோடையில் பெண்கள் ஊத்து தோண்டினார்களே, அதே மாதிரி. அடியில் ஒரு சாண் தெளிந்த தண்ணீர். சுற்றிலும் மான் குளம்பு, குரங்குக் கை, பறவைக் கால் எல்லாம் பதிந்திருந்தன. யானை குடித்துவிட்டுப் போனபிறகு மற்றது எல்லாம் வந்து குடிக்கிறது. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர்களோடு என் காலம் முழுக்கப் போயிருக்கிறது, கண்ணு. யானை பார்த்த பாயிண்ட் தவறவில்லை.

அந்த ஆற்றங்கரையில் நாலு குடும்பம் இருக்கிற ஒரு சிற்றூரில் எங்களை நிறுத்தினார்கள். ஆடு வளர்க்கிற ஒரு அம்மாவின் வீடு. என் வயது இருக்கும். நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசுகிற பாஷை, அதில் உங்கம்மா ஒரு சொல்லைப் பிடிக்க அரை மணி நேரம் முயன்றாள். வீட்டுக்குப் பின்னால் போர். நான் நேராக அங்கேதான் போனேன். எண்பது மீட்டர், நம் கணக்கில் இருநூற்று அறுபது அடி. சோலார் பலகையில் ஓடுகிற சின்ன மோட்டார். தண்ணீர் கொஞ்சம் உப்பு. பத்தாயிரம் லிட்டர் பச்சை பிளாஸ்டிக் டேங்க். டேங்கைச் சுற்றிக் கருங்கல் சுவர், என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருந்தார்கள். துதிக்கை நீளத்தை அளந்து விட்ட இடைவெளி. சுவர் கட்டுவதற்கு முன்பு இரண்டு தடவை யானை வந்து பைப்பைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது, ஒரு தடவை டேங்கையே நசுக்கிவிட்டது.

இது மட்டும் என்றால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். தோட்டத்துக்குக் காவல் போடுகிறவர்கள்தானே நாமும். அங்கிருந்து முப்பது தப்படி தள்ளி, சிமெண்டில் தாழ்வாக இன்னொரு தொட்டி. டேங்கிலிருந்து ஒரு குழாய் அதற்குப் போகிறது. அது யாருக்கு என்று அண்ணனை விட்டுக் கேட்கச் சொன்னேன். "யானைக்கு" என்றார் அந்த அம்மா. உப்பு யாருக்கு, புளி யாருக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

ஒரு பெரிய யானை ஒரு நாளில் நூற்றைம்பது இருநூறு லிட்டர் குடிக்கும். பஞ்ச காலத்தில் அது சின்னக் கணக்கு இல்லை. இந்த வருஷம் அங்கே கடுமையான வறட்சி, அந்த அம்மாவின் ஆட்டில் பாதி போய்விட்டது. யானை பிடிக்குமா என்று கேட்டேன். உடனே தலையை ஆட்டவில்லை. "ராத்திரி வந்தால் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்வோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அதற்கும் தாகம்தானே. நாம் வைக்காவிட்டால் நம்முடையதைத்தான் எடுக்கும்." அவ்வளவுதான் சொன்னார். அவர் தியாகியும் இல்லை, யானையைச் சாமியாகக் கும்பிடுகிறவரும் இல்லை. போர் போடும்போதே யானைக்கு எத்தனை லிட்டர் என்று கூட்டி வைத்துக்கொள்கிற குடும்பம். நான் என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் குழி போட்டிருக்கிறேன். பாசனம் எத்தனை ஏக்கர், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டிருக்கிறேன். வேறு யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. யாரும் என்னிடம் சொன்னதும் இல்லை.

அந்த அம்மாவின் தம்பி காவலர். அரசாங்கக் காவலர் இல்லை, ஊர் வைத்த காவலர். 1980-களில் வறட்சியும் கள்ள வேட்டையும் சேர்ந்து அந்தப் பக்கத்து யானையையும் காண்டாமிருகத்தையும் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்று ஒரு மனிதர் ஊர்த்தலைவர்களிடம் போய்ப் பேசியிருக்கிறார். அவர்களே தங்கள் ஆட்களைக் காவலுக்குப் போட்டார்கள், வேட்டைக்குப் போன ஆளையே காவலுக்குப் போட்டதும் உண்டு. 1990-ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது இயற்கையைக் காப்பது அரசியல் சட்டத்திலேயே ஏறியது. 1996-ல் சட்டம் திருத்தி, கூட்டு நிலத்தில் இருக்கிற விலங்கால் வருகிற வருமானமும் உரிமையும் அந்த ஊர்க்காரர்களுக்கே என்று ஆக்கினார்கள். இப்போது அப்படி எண்பத்தாறு ஊர்க்கூட்டமைப்புகள், நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு நிலம். அந்தத் தம்பி தன் மஞ்சள் நோட்டைக் காட்டினார். எந்தத் தேதியில் எந்தக் காலடி, எங்கே கழுதைப்புலி ஆடு பிடித்தது, எங்கே குழாய் உடைந்தது என்று கட்டம் கட்டமாகப் பென்சிலில் எழுதியிருந்தார். வருமானம் போதுகிறதா என்றால் போதவில்லை. ஆடு போனால் கிடைக்கிற நஷ்டஈடு ஆட்டின் விலைக்கு எட்டாது என்றார். இருந்தாலும் நோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பத்திரத்தை வைக்கிற மாதிரி.

உங்கம்மா ஒரு விஷயத்துக்கு இன்னும் வருத்தப்படுகிறாள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், வறட்சியில் பசித்த ஜனங்களுக்குக் கறி கொடுப்பதற்காக 723 காட்டு விலங்குகளைக் கொல்லப்போவதாக அந்த அரசாங்கம் அறிவித்தது. அதில் 83 யானை. அந்த நாட்டுக்கா போகிறோம் என்று அழுதாள். அந்த அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து அவர் செத்த ஆடுகளைக் கணக்குச் சொன்னபோது உங்கம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கும் இதில் முடிவு வரவில்லை. கொல்வது சரி என்று என் வாயால் சொல்ல முடியாது. தூரத்தில் வயிறு நிறைந்து உட்கார்ந்துகொண்டு தப்பு என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

சீட்டா என்கிற சிவிங்கிப்புலியைக் காட்டில் பார்க்கக் கிடைக்கவில்லை. நீ எட்டாவது படிக்கும்போது பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்த படம் இன்னும் இருக்கிறது. நம் நாட்டில் அது அற்றுப்போய்விட்டது என்று 1952-ல் அறிவித்தார்கள். அப்புறம் 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்த முதல் எட்டும் இந்த நமீபியாவிலிருந்துதான் வந்தன. ஓட்ஜிவரோங்கோ பக்கம் அதற்கென்று 1990-லிருந்து நடக்கிற ஒரு நிறுவனத்தில் கூண்டுக்குள் இருந்ததைப் பார்த்தோம். எனக்குப் பிடித்தது அங்கே இருக்கிற நாய்கள். ஆட்டுப் பட்டியிலேயே குட்டியிலிருந்து வளர்த்து, அதற்கப்புறம் பண்ணைக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆட்டைத் தன் கூட்டம் என்று நினைத்து வளர்கிற நாய் எழுந்து நின்று குரைத்தால் சிவிங்கி சண்டைக்கு நிற்காது, ஒதுங்கிப் போய்விடும். பண்ணைக்காரர் துப்பாக்கி எடுக்கவேண்டிய வேலை இல்லை.

எட்டோஷாவுக்கு வருகிறேன். 1907-லிருந்து காப்பாற்றி வைத்திருக்கிற காடு, இருபத்திரண்டாயிரம் சதுர கிலோமீட்டர். நடுவில் உப்புத் தரை, அக்கரை தெரியாமல் வெள்ளையாகக் கண் கூசுகிறது. ஒக்கௌகுவேயோ என்ற முகாமில் மூன்று ராத்திரி. இடுப்பளவு கல் சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ஒரு குட்டை. ராத்திரி முழுக்க மங்கலாக விளக்கு எரிகிறது. நீ நோட்டில் "போர்வை எடுத்துப் போகவும்" என்று எழுதியிருந்தாய். எடுத்துப்போனோம். சாயங்காலம் வரிக்குதிரை வரிசை வரிசையாக வந்தது, ஓரிக்ஸ் மான் வந்தது, ஒட்டகச்சிவிங்கி முன்னங்காலை அகட்டிவைத்துத் தலையை இறக்கி இறக்கிச் சந்தேகப்பட்டுக்கொண்டே குடித்தது. யானைக் கூட்டம் வந்ததும் மற்றதெல்லாம் விலகி நின்றது. நூறு பேர் உட்கார்ந்திருந்தோம், ஒரு இருமல் சத்தம் இல்லை. கோயில் கருவறை முன்னால்கூட நம் ஆட்கள் அப்படி நிற்பதில்லை.

பதினொன்றரைக்கு மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். அப்போது இருட்டிலிருந்து ஒரு கருப்புக் காண்டாமிருகம், பின்னாலேயே குட்டி. வெள்ளைக் காண்டாமிருகத்தின் குட்டி தாய்க்கு முன்னால் நடக்குமாம், கருப்பின் குட்டி பின்னால்தான் நடக்கும். உலகத்தில் மிச்சமிருக்கிற கருப்புக் காண்டாமிருகத்தில் மூன்றில் ஒன்று இந்த நாட்டில்தான் இருக்கிறது. தாய் தண்ணீர் ஓரத்துக்கு வந்து குடிக்கவில்லை. காது மட்டும் திரும்பித் திரும்பிக் கேட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். குட்டி முன்னால் வர முயன்றபோது உடம்பைக் குறுக்கே போட்டு மறைத்தது. திருப்தியானபிறகு தலையைத் தாழ்த்தியது. குடிக்கிற சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. தண்ணீரில் இரண்டும் தலைகீழாகத் தெரிந்தன. "புள்ள இதப் பாக்கோணும்னுதானுங்க எழுதுனா" என்றாள் உங்கம்மா. அப்புறம் வெகுநேரம் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் கல்கௌதாரிக் கூட்டம் வந்தது. ஆண் பறவை குடித்து முடித்தபிறகு போகாமல், தண்ணீரில் வயிற்றை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. குளிக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் சொன்னார், அதன் வயிற்றுச் சிறகு பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பல கிலோமீட்டர் தள்ளி மணலில் இருக்கிற குஞ்சுகளுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு பறக்கும். குஞ்சுகள் அந்தச் சிறகை உருவிக் குடிக்கும். அது கனத்துப்போய் எழும்பிப் பறந்து புள்ளியாகிற வரைக்கும் நான் பார்த்தேன்.

உங்கம்மாவின் கண்டுபிடிப்பு ஒன்று. அந்நாட்டு வடக்குப் பக்க ஜனங்களின் சாப்பாட்டு தானியம் மஹாங்கு. கடையில் ஒரு பை வாங்கிப் பிரித்தாள், கையில் தேய்த்தாள், மோந்தாள். "ஏனுங்க, இது நம்ம கம்புங்க!" கம்பேதான். முகாமில் கூட்டிப் பெருக்குகிற பெண் வடக்கத்திக்காரி. மஹாங்கு மாவைப் புளிக்க வைத்து ஓஷிகுண்டு என்று குடிப்பார்களாம். உங்கம்மா அவளுக்கு நம் கம்பங்கூழ் பக்குவத்தைச் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தாள், அவளும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு கேட்டாள்.

சரி, மேக்காட்டு விஷயம். உனக்குத் தெரிந்த கணக்குதான். 1992-ல் நானே போட்ட முதல் குழி 280 அடி, ஒன்றரை இஞ்சு தண்ணீர். 2004-ல் 650. 2016-ல் 1,050. இந்தக் கோடையில் அதுவும் அரை மணிக்கு ஒரு தடவை காற்று வாங்குகிறது. பெரியப்பா 1,400 போட்டுவிடலாம் என்கிறார். அவர் கெட்டதற்குச் சொல்லவில்லை. ஐந்து ஏக்கர் மரவள்ளி காய்கிறது, கூட்டுறவில் கடன் இருக்கிறது, கையில் தொழில் தெரிந்த தம்பி இருக்கிறேன். ரிக்கை விற்றுவிட்டாலும் ஒரு போன் போட்டால் நாளைக்கே வண்டி வந்து நிற்கும். ஆனால் எனக்குக் கை வரவில்லை. 1,400-லும் வந்துவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரர் 1,500-க்குப் போவார். அவருக்கும் போட்டுக் கொடுத்தது என் வண்டிதான்.

நான் நினைப்பது இது. தாத்தா கிணற்றைத் தூர் வாரவேண்டும். சுவர் இரண்டு இடத்தில் சரிந்திருக்கிறது, கல் நம் காட்டிலேயே இருக்கிறது. ஓடையில் வருகிற மழைத் தண்ணீரை ஒரு வண்டல் குழி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பலாம். பழைய இரண்டு குழிக்குள்ளும் மழைநீரை வடிகட்டி இறக்கலாம், அந்த வேலை எனக்குத் தெரியும். மரவள்ளியை இரண்டு ஏக்கரோடு நிறுத்திக்கொண்டு மற்றதில் மானாவாரியாகக் கம்பும் நிலக்கடலையும். பெரியப்பாவின் கடனில் பாதியை ரிக் விற்ற பணத்தில் நான் கட்டிவிடுகிறேன். உன் அண்ணன் அந்தக் கல் சுவரைச் சுற்றி வந்தவன், தன் அப்பாவிடம் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.

கிணற்று மேட்டில் தாழ்வாக ஒரு தொட்டியும் கட்டப்போகிறேன். நம்மிடம் யானை இல்லை. மயில் வருகிறது, கீரி வருகிறது, போன மாசம் மான் தடம் பார்த்ததாகப் பட்டிக்காரர் சொன்னார். மயில் விதையைப் பொறுக்கிவிடுகிறது என்று பெரியப்பா அதற்கும் சண்டை போடுவார். போடட்டும்.

பணம் போகிற விஷயம், நிலப் பத்திரத்தில் உன் பெயரும் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். மழை வலுக்கிறதற்குள் தூர் வாரினால்தான் உண்டு. ஆள் சொல்லி வைத்திருக்கிறேன், முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு நைட் டியூட்டி இல்லையென்றால் சாயங்காலம் கூப்பிடு. பெரியப்பாவையும் அன்றைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா